கொம்புப் பெயின்ட் பூசிய கிட்டார்

கோவிந்தாபுரம் பூபதிராஜாவுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பொடிகூடக் கிடையாது. இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அவர் மனைவி கமலாத்தாள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் அது எந்த வருஷத்துச் சாமான் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவது. கேட்டால் சொல்வது ஒரு ரகம். அவர் கேட்காமலே சொல்லும் ரகம்.

பிழைப்பு என்னவோ தென்னந்தோப்புதான். ஆனால் கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் நுழைந்தால் அங்கே ஒரு தேங்காய் மட்டையைக்கூடப் பார்க்க முடியாது. சுவர் முழுக்கப் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களின் கழுத்துகள், உடம்புகள், கம்பி முறுக்கும் கீக்கள், எந்தக் கிட்டாரிலிருந்து வந்தது என்று அவருக்கு மட்டுமே தெரிந்த ஸ்க்ரூக்கள். கோயமுத்தூரில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கப் போனார். வாசிப்பு வரவில்லை. "உன்ற கைக்கு ஸ்க்ரூ டிரைவர்தான்டா லாயக்கு" என்று ஆர்கெஸ்ட்ராக்காரர் திட்டியதை இவர் வாழ்த்தாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை உள்ள கச்சேரிக்காரர்கள் பழைய கிட்டார் கிடைத்தால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் போனில் படம் அனுப்பி வருஷம் கேட்பவர்கள் உண்டு. பதில் போனதும் பாதிப் பேர் அவர் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள்.

கிட்டாரின் வயதை முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. முகத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சரக்காக இருந்தால் அதில் பொடி எழுத்தில் எண் குத்தியிருக்கும். முதலில் கம்பெனி, அப்புறம் வருஷம், அப்புறம் அந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம். "அதுக்கோசரம் அந்த வாரமே கிட்டாரும் பொறந்துருச்சுன்னு சொல்லப்படாதுங்க. வாங்குன அரிசியை அன்னிக்கேவா பொங்கறோம்?" என்பார். ஈயம் வைத்த இடத்தில் வேறு கை பட்டிருக்கிறதா, வயருக்குத் துணி உறையா பிளாஸ்டிக்கா, கழுத்தின் அடியில் செய்தவன் பென்சிலால் தேதி போட்டிருக்கிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவருடைய அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்ன மனிதர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? இவர் கிட்டாரின் பல்லைப் பிடித்தார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. பழைய கிட்டாரின் மேல் புதுப் பெயின்ட் அடிப்பது. "மேல பூசுனா அது பொய்யிங்க. உள்ளுக்குள்ள எத்தனை நல்ல சாமானா இருந்தாலும் பொய்யிதானுங்க" என்று மணிக்கணக்கில் பேசுவார். இப்படிப் பேசுகிறவரின் தலை, ஐம்பத்தெட்டு வயதிலும் கரிச்சட்டியாகக் கறுத்து, நெற்றிக்கு மேல் சுருள் சுருளாக நிற்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் அவர் என்ன செய்கிறார் என்பது கமலாத்தாளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். அதற்கு வருஷம் கேட்கிற துணிச்சல் மட்டும் யாருக்கும் இல்லை.

இந்த மனுஷனுக்கு ஒரே மகள், தமிழ்ப்ரியா. கொல்லங்கோட்டில் பள்ளிக்கூட டீச்சர். குணத்திலோ படிப்பிலோ குறை சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் முறிந்தது. இரண்டையும் முறித்தது அப்பாவின் வாய்.

முதல் சம்பந்தம் சித்தூர்ப் பக்கம். மாப்பிள்ளையே கிட்டார் வாசிப்பவன். பெங்களூரில் பெரும்பணம் கொடுத்து வாங்கிய ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கிட்டாரைப் பெண் பார்க்க வரும்போதே தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பஜ்ஜி வருவதற்குள் பூபதிராஜா சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். காபி வருவதற்குள், "தம்பி, இது உங்களைவிட ரெண்டு வயசு சின்னதுங்க" என்று சொல்லிவிட்டார். பையன் எல்லார் முன்னாலும் அழுதான்.

அடுத்தது ஆனைமலைப் பக்கம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். தாத்தா வெள்ளைக்காரனிடம் நேரில் வாங்கியதாம். பூபதிராஜா அதன் முதுகுப்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, தாத்தா எந்த வருசம் தவறுனாருங்க?" என்று பணிவாகத்தான் கேட்டார். அறுபத்தெட்டு என்றார்கள். "ரேடியோ எழுபத்தொண்ணுங்களே" என்றார். கமலாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்துவிட்டாள்.

மூன்றாவதை அவர்கள் தேடவில்லை, அதுவாக வந்தது. தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது என்று பூபதிராஜா எழுதிப் போட, விவசாய ஆபீசான கிருஷி பவனிலிருந்து கோகுல்நாத் என்ற பையன் பார்க்க வந்தான். ஒரே வண்டைப் பார்க்க அவன் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் கமலாத்தாளுக்கு விஷயம் புரிந்தது. நல்ல பையன். கொல்லங்கோட்டுக் காளிச்சாமியின் மகன். ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ரா நடத்தி, திருவிழா மேடைகளில் கிட்டாரும் கையுமாகக் குதித்த ஆள். கிட்டார் என்ற சொல் காதில் விழுந்ததும் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, எனக்கு அவரை நெம்பப் புடிச்சிருக்கு. அவருக்கும் அப்படித்தான்" என்றாள் தமிழ்ப்ரியா. "இந்தத் தடவையும் நீங்க வாயைத் தொறந்து கெடுத்தீங்கன்னா நான் ஒண்ணும் சண்டை போட மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எனக்குச் சம்பந்தமே பாக்க வேண்டாம்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் என்றால் உயிர் அவருக்கு. அவள் பிறந்த வருஷத்தை மட்டும்தான் அவர் எந்தச் சாமானின் முதுகையும் பார்க்காமல் சொல்லுவார்.

கமலாத்தாள் பேச்சை நம்புகிற ஆள் இல்லை. பழனி இருக்கும் திக்கைப் பார்த்து அவரை நிற்க வைத்து, கற்பூரம் கொளுத்தி, சத்தியம் வாங்கினாள். "தாலி கட்டி முடியற வரைக்கும் எந்தச் சாமானுக்காவது வருசம் சொன்னா, பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்னு சொல்லுங்க." எங்கே அடித்தால் வலிக்கும் என்று கட்டிய மனைவிக்குத் தெரியாதா? பூபதிராஜா சுருளை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார்.

நிச்சயத்துக்கு நாள் குறித்த வாரம், காளிச்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். மடியில் குழந்தையை வைப்பதுபோல் வேட்டியில் சுற்றி ஒரு கிட்டார்.

"சம்பந்தி, இது அறுபத்திரண்டாம் வருசத்து அமெரிக்கக் கிட்டாருங்க. நெல்லியாம்பதி எஸ்டேட் துரை சீமைக்குப் போறப்ப என்ற கையில குடுத்துட்டுப் போனது. என்ற கூட இருந்தவனே கல்கத்தா டூப்ளிகேட் சரக்குன்னு சொல்லிச் சிரிச்சானுங்க. நாப்பது வருசமாச் சிரிக்கறானுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்தத் தாலூக்காவுக்கே தெரியும். நிச்சயத்தன்னிக்கு மேடையில மைக்கு வெச்சு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடோணும்."

வேட்டியை விலக்கினார். பூபதிராஜா தூணைப் பிடித்துக்கொண்டார். கிட்டாரின் உடம்பு முழுக்க நீல நிற எனாமல் பெயின்ட். ஒரு பூச்சு இல்லை, இரண்டு பூச்சு இல்லை. விரல் நகக் கனத்துக்குத் தோசை தோசையாக ஏறியிருந்தது.

"இது... பெயின்ட்டுங்களா?"

"ஆமாங்க. வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கறமில்லீங்க? டப்பாவுல மிச்சம் நிக்கும். வீணாக்கப்படாதுன்னு இதுக்கும் ஒரு கை போட்டுருவேன். பளபளன்னு இருக்குது பாருங்க. எங்கூட்டுல எப்பவும் நீலம்தானுங்க." கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் இழுத்தார். "அப்புறம் சம்பந்தி, ரொம்ப உள்ளெல்லாம் தொறக்க வேண்டாமுங்க. மேலாப்ல பாத்தாப் போதும்."

மேலாப்பில் பார்க்கச் சொன்னது யாரிடம்? தேளிடம் போய்க் கொட்டாதே என்றால் கேட்குமா? ஜீப் திரும்பும் முன்பே பூபதிராஜா மோட்டார் ரூமில் இருந்தார்.

கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் பின்பக்கம் ஓர் இரும்புத் தகடு இருக்கும். நாலு ஸ்க்ரூ. கிட்டாரின் எண் அந்தத் தகட்டில்தான் குத்தியிருக்கும். இதில் தகடு கண்ணாடியாக மின்னியது, எண்ணைக் காணோம். அரிவாள், மண்வெட்டியோடு சேர்த்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காளிச்சாமி மனைவி அழகுத்தாய் அதையும் புளி போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்திருக்கிறாள். உலகத்தில் வேறெங்கே இந்தக் கிட்டாருக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கும்!

மூடியைக் கழற்றினார். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில், தூசிக்கு அடியில், அறுபத்திரண்டாம் வருஷம் பதினெட்டாவது வாரம். ஈயத்தில் வேறு கை படவில்லை. கழுத்தைப் பிரித்தால் அடியில் மங்கலாகப் பென்சில் தேதி, அதே வருஷம். பூபதிராஜா எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாமான் அவர் கைக்கு வந்ததில்லை. காளிச்சாமி சொன்னது அத்தனையும் சத்தியம்.

அப்புறம் கழுத்து உட்காரும் பள்ளத்தைப் பார்த்தார். பெயின்ட் படாத மரம், மஞ்சள் மஞ்சளாக. மூக்கில் வைத்து மோந்தார். விரலால் சுரண்டினார். அமெரிக்காவில் எந்தக் கம்பெனியும் பலா மரத்தில் கிட்டார் செய்வதில்லை.

ஓரத்தில் பெயின்ட்டை மெல்லக் கீறிப் பார்த்தார். நீலம், அதற்கடியில் நீலம், அதற்கடியில் வெளிறிய நீலம். ஒவ்வொரு பொங்கலும் ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில் நீலமே இல்லை. உடம்பின் வலது பாதி சிவப்பு, இடது பாதி பச்சை.

அவர் அதை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அழகுத்தாய்.

"அண்ணா, கிட்டாரைத் தொறந்திருப்பீங்க. அந்த ஒடம்பை என்ற அப்பன் செஞ்சாருங்க, முதலமடையில, எங்கூட்டுப் பலா மரத்துல. இந்த மனுசன் அதை நாப்பது வருசமா அமெரிக்கா அமெரிக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. என்ற அப்பன் பேரு ஒரு வாட்டி வாயில வந்ததில்லீங்க. நீங்க ரெண்டு சம்பந்தத்தை முறிச்சாலும் முறிப்பீங்களே தவிரப் பொய் சொல்ல மாட்டீங்கன்னு கேட்டுத்தான் நான் உங்கூட்டுல பொண்ணெடுக்கவே ஒத்துக்கிட்டேன். மேடையில நீங்க முழுசும் அமெரிக்கான்னு சொன்னா, தட்டை மாத்தறதுக்கு இந்தக் கை நீளாதுங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். உள்ளதைச் சொன்னால் காளிச்சாமி போவார். மறைத்தால் அழகுத்தாய் போவாள். எதைச் சொன்னாலும் தலைமுடி போகும். எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்ப்ரியா இருந்தாள்.

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிருங்க" என்று கமலாத்தாள் வழி கண்டுபிடித்தாள். நிச்சயத்தன்று கொல்லங்கோட்டு மண்டபத்தில், மின்விசிறியே அனலை வாரி வீசிய பகலில், பூபதிராஜா கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டை அடித்த தலையிலிருந்து கறுப்பு வேர்வை காதோரம் இறங்கியது. சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க வந்திருந்தது. காளிச்சாமியின் பழைய ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்கள்.

காளிச்சாமி கிட்டாரைத் தூக்கிப் பிடித்து மேடைக்கு அழைத்தார். பூபதிராஜா தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். "அதுக்குத்தானுங்களே மைக்கு!" என்று காளிச்சாமி அதை அவர் வாயருகே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அழகுத்தாய் தாம்பாளத்தை மடியில் வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப்ரியா அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று பூபதிராஜா முதல் தடவையாக நினைத்தார். அப்படி நினைத்ததற்கே அவருக்கு உடம்பு கூசியது.

"அறுபத்திரண்டாம் வருசங்க. அமெரிக்கா" என்றார்.

மண்டபம் கைதட்டியது. காளிச்சாமி முன்வரிசையைப் பார்த்து மீசையை முறுக்கினார். அழகுத்தாய் தாம்பாளத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அந்தச் சத்தம் பூபதிராஜாவுக்குக் கைதட்டலையும் மீறிக் கேட்டது. வாயை அதோடு மூடியிருக்கலாம். மூடுகிற வாயாக அது என்றைக்கு இருந்தது?

"கழுத்து மட்டுமுங்க" என்றார்.

கைதட்டல் பாதியில் நின்றது. "கழுத்து, உள்ள இருக்கற சாமான், எல்லாம் அசல் அமெரிக்கா. கல்கத்தா சரக்குன்னு சொன்னவங்க வாயைக் கழுவிக்கோணும். என்ற ஆயுசுக்கு இப்படி ஒண்ணை நான் பாத்ததில்லீங்க. ஆனா ஒடம்பு பலா மரமுங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு பெயின்ட் சில்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "மேல பூரா நீலம். அடியில பாதி சிவப்பு, பாதி பச்சை. மாடு வெச்சிருக்கறவங்க சொல்லுங்க. இந்தப் பக்கத்துல ஒரு கொம்புக்குச் சிவப்பும் ஒரு கொம்புக்குப் பச்சையும் அடிக்கறது யாரூட்டுல?"

கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாத பெரியவர்கள் இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் நாலு மூலையிலிருந்தும் சொன்னார்கள். "முதலமடையில, அழகுத்தா அப்பனூடு!"

"அப்பப் பொறந்ததும் அங்கதானுங்க" என்றார் பூபதிராஜா. சொல்லி முடித்ததும் சில்லைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

காளிச்சாமி முகம் வெளுத்துப் போய் நின்றார். முன்வரிசையிலிருந்து பழைய தபலாக்காரர், "அப்ப அமெரிக்கா ஒடம்பு எங்கீங்க அண்ணா போச்சு?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்று எழுந்தாள் அழகுத்தாய். "கண்ணாலமான மொதப் பொங்கலு. மாட்டு முன்னால வாசிச்சாப் பாலு நல்லாக் கறக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு தொண்டுப்பட்டிக்குள்ள கொண்டுபோய் வாசிச்சாரு. மயிலைக் காளை ஏறி மிதிச்சுப்போட்டுது. ஒடம்பு நாலாப் பொளந்துருச்சு. மூணு நாள் சோறு திங்காம அழுதாரு இந்த மனுசன். பாக்கச் சகிக்காம என்ற அப்பன் நொகத்தடி செதுக்கற உளியில இதைச் செதுக்கிக் குடுத்தாரு. கையில இருந்த கொம்புப் பெயின்ட்டை நான்தான் அடிச்சேன்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் வாசல் பந்தல் கீற்று ஆடியது. காளையின் காலில் கிட்டாரைக் கொடுத்த கதையை நாற்பது வருஷம் மூடி வைத்த மனுஷன், அத்தனை சிரிப்புக்கும் நடுவில் நின்றார். பிறகு மைக்கை நகர்த்திவிட்டு, பூபதிராஜாவின் காதருகில் சின்னக் குரலில் கேட்டார்.

"கழுத்து... அறுபத்திரண்டுதானுங்களே?"

"அறுபத்திரண்டு. பதினெட்டாவது வாரமுங்க."

"அமெரிக்காதானுங்களே? எனக்காகச் சொல்லலையே?"

"ஏனுங்க, நானா? அடுத்தவங்களுக்காகவா?" என்றார் பூபதிராஜா. இதைக் கேட்டுக் கமலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காளிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை சொன்னது நிஜமா, தன்னை ஏமாற்றிவிட்டுப் போனானா என்று அவருக்கே இத்தனை வருஷமாகச் சந்தேகம் இருந்திருக்கிறது. மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களாடா? ரெண்டு சம்பந்தத்தை முறிச்ச வாயி சொல்லுது, கழுத்து அமெரிக்கா! ஒடம்பு..." நின்றார். மனைவி பக்கம் திரும்பினார். "ஒடம்பு என்ற மாமனார் செஞ்சது. நாப்பது வருசமா ஒரு விரிசல் இல்லாம நிக்குது. அவரு கைவேலைங்க அது."

அழகுத்தாய் குனிந்து தாம்பாளத்தை எடுத்தாள். தட்டு மாறியது. தமிழ்ப்ரியா அப்பாவிடம் வந்து, வேர்வையில் நனைந்த அந்த மப்ளரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

காரியம் முடிந்ததும் பூபதிராஜா மெல்ல மனைவி பக்கம் நகர்ந்தார். "கமலா, இதெல்லாம் சாமி கணக்குல வருமா? நல்லதாத்தானே முடிஞ்சுது?"

"வருசம் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"வாரமும் சேத்துச் சொன்னீங்க" என்றாள் கமலாத்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பழனியில் சுருள் இறங்கியது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க மணவறைக்கு வந்தபோது மொட்டைத் தலையில் பொடிமுடி தலைகாட்டியிருந்தது. சுண்ணாம்பு வெள்ளை. ஒரு கறுப்புகூட இல்லை. காளிச்சாமி பக்கத்தில் வந்து அதைத் தடவிப் பார்த்து, மாட்டுக் கொம்பைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். "சம்பந்தி, அடியில இதுதானுங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க வேட்டி நுனியைத் தேடினார்கள். பூபதிராஜா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பொய் பூசிய கிட்டார்களைப் பற்றித் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

படம் எடுப்பவன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினான். கமலாத்தாள் மனமிரங்கித் தலைக்கு ஒரு துண்டை நீட்டினாள். மணப்பெண் அதை நடுவில் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் தமிழ்ப்ரியா. "இதுதான் எங்கப்பா ஒரிஜினல்."